பானை இல்லை, ஜாடி

கேள்வி: அமெரிக்காவில் மிச்சிகன், மினசோட்டா பல்கலைக்கழக அணிகள் நூறு வருஷத்துக்கு மேலாக ஒரு பழைய பானைக்காக அமெரிக்கக் கால்பந்தில் மோதுகின்றனவாமே? கேவலம், ஒரு பானைக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்? (வாசகர், கும்பகோணம்)

பதில்: பானை இல்லை ஐயா, ஜாடி. ஊர்ப் பெயரிலேயே கும்பத்தை வைத்திருப்பவர் பாத்திரத்தின் பெயரை மாற்றிச் சொல்லலாமா? வாய் அகன்று அடுப்பில் ஏறுவது பானை. இது சூளையில் சுட்ட தடித்த ஜாடி. கழுத்து குறுகல், ஒரு கைப்பிடி. கிட்டத்தட்ட 19 லிட்டர் பிடிக்கும். இன்று நம் வாசலில் இறக்குகிறார்களே தண்ணீர் கேன், அந்த அளவு.

அதை வாங்கியதும் தண்ணீருக்காகத்தான். 1903-ல் மினசோட்டா அணியின் ஊரான மினியாபொலிஸுக்கு ஆடப்போன மிச்சிகன் பயிற்சியாளர் ஃபீல்டிங் யோஸ்ட், எதிரணி ஊரில் கொடுக்கிற தண்ணீரை நம்பவில்லை. மாணவர் ஒருவரைக் கடைக்கு அனுப்பி 30 சென்ட்டுக்கு இந்த ஜாடியை வாங்கிவரச் சொன்னார். 1901-லிருந்து தோல்வியே காணாத அணி, அன்று 6-6 என்று சமன். கூட்டம் மைதானத்துக்குள் புகுந்துவிட, கடைசி இரண்டு நிமிஷம் பாக்கியிருக்கும்போதே ஆட்டத்தை முடித்துக்கொண்டு கிளம்பினார்கள். ஜாடி அங்கேயே கிடந்தது.

அதை எடுத்தவர் ஆட்டக்காரர் இல்லை. மினசோட்டாவில் விளையாட்டுச் சாமான்களைப் பார்த்துக்கொண்ட ஊழியர் ஆஸ்கர் மன்சன். விளையாட்டுத் துறைத் தலைவர் குக்கிடம் கொண்டுபோனார். ‘மிச்சிகன் ஜாடி, ஆஸ்கர் கைப்பற்றியது, 1903 அக்டோபர் 31’ என்று அதன்மேல் எழுதினார்கள். கூடவே ஸ்கோரும்: மினசோட்டாவின் 6 பெரிசு, மிச்சிகனின் 6 பொடிசு! மறுபடி 1909-ல் மோதியபோது ஜெயித்தவருக்கு ஜாடி என்றானது. மிச்சிகன் 15-6 என்று வென்று தூக்கிப்போனது. அன்றிலிருந்து போவதும் வருவதுமாக இருக்கிறது.

ஆர்ப்பாட்டம் ஏன் என்று கேட்டீர்கள். அந்த ‘ஆஸ்கர்’ என்ற ஒரு சொல்லுக்காகவே நான் ஆர்ப்பாட்டம் செய்வேன். நம் கோப்பைகளில் யார் பெயர் இருக்கிறது? பணம் கொடுத்த கம்பெனியின் பெயர். பந்துக்குக் காற்றடித்தவர் பெயரைப் பொறித்த கோப்பை ஒன்றை நான் பார்த்ததில்லை. இதை இந்தப் பக்கத்தில் எத்தனையோ தடவை எழுதி, விளையாட்டு நிருபர் ஒருவர் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். நிறுத்தட்டும்.

நான் படித்த பள்ளியில், போட்டி நாளன்று விடிவதற்கு முன்பே ஒரு பெரியவர் வந்துவிடுவார். அடியில் ஓட்டை போட்ட பால் பவுடர் டப்பாவில் சுண்ணாம்புத் தூளை நிரப்பி, கட்டிய கயிற்றை ஒட்டித் தட்டிக்கொண்டே நடப்பார். எட்டு ஓடுபாதையும் இம்மி பிசகாது. சாயங்காலம் பரிசளிப்பு விழாவில் நாற்காலி தூக்கிப் போட்டதும் அவர்தான். ‘கோட்டுத் தாத்தா’ என்றே கூப்பிட்டோம். அவர் சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது.