பெட்டியின் விலை வேறு, சட்டையின் சுருக்கம் வேறு

கேள்வி: அலுவலக வேலையாக அடிக்கடி ஐந்து நாள் பயணம் போகிறேன். பகலில் கூட்டங்கள், ஒருநாள் மாலை விருந்து. எப்படி அடுக்கினாலும் போய்ச் சேரும்போது சட்டைகள் கசங்கிக் கிடக்கின்றன. நல்ல விலையில் ஒரு பெட்டி வாங்கினால் இது தீருமா?

பதில்: தீராது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் பெட்டி இஸ்திரி போடாது. கசங்குவதும் கசங்காததும் துணியின் இழையைப் பொறுத்தது. பருத்தி, லினன் இரண்டும் ஈரமும் அழுத்தமும் சேர்ந்தால் மடிப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். கம்பளி இழை இயல்பிலேயே சுருள் உள்ளது. அழுத்தம் விலகியதும் நிமிர்ந்துவிடும். பின்னலாடைகளும் பாலியெஸ்டர் கலந்த துணிகளும் எளிதில் கசங்குவதில்லை. எனவே பெட்டிக்கு என்று எடுத்துவைத்த பணத்தில் ஒரு பங்கை மெல்லிய கம்பளித் துணியில் ஒரு கோட்டுக்கும் பேன்ட்டுக்கும் ஒதுக்குங்கள். கடையில் துணியின் ஓரத்தைக் கைக்குள் பத்து நொடி இறுக்கிப் பிடித்துவிட்டுப் பாருங்கள். அப்போது தெரியும் கோடுகள்தான் உங்கள் பெட்டிக்குள்ளும் விழப்போகின்றன.

அடுத்தது எண்ணிக்கை. ஒன்றோடொன்று சேரும் நிறங்களில் நான்கு மேலாடைகள், இரண்டு பேன்ட்டுகள் இருந்தால் எட்டு விதமாக உடுத்தலாம். கோட்டைப் போட்டும் கழற்றியும் பதினாறு. ஐந்து நாளுக்கு இது தாராளம். ஒரே ஒரு உடையோடு மட்டும் சேரும் பொருள் எதுவானாலும் வீட்டிலேயே இருக்கட்டும். காலணி இரண்டு ஜோடிக்கு மேல் வேண்டாம். பயணத்தின்போது கனமான ஜோடியைக் காலில் போட்டுக்கொள்ளுங்கள், கோட்டையும் அணிந்துகொள்ளுங்கள்.

அடுக்கும் முறைக்கு வருகிறேன். எல்லாவற்றையும் சுருட்டுங்கள் என்று பலரும் சொல்வதை நான் ஏற்கவில்லை. பனியன், பின்னலாடை, ஜீன்ஸ் போன்றவற்றைச் சுருட்டலாம். காலர் வைத்த சட்டையைச் சுருட்டினால் நெடுகச் சுருக்கம் விழும். அதற்குப் பொதி முறைதான் சரி. எளிதில் கசங்கும் பெரிய ஆடையை முதலில் பெட்டியில் விரியுங்கள்; கைகளும் கீழ்ப்பகுதியும் பெட்டிக்கு வெளியே தொங்கட்டும். அதன்மேல் அடுத்ததைத் திசை மாற்றி விரியுங்கள். எல்லாம் விரித்த பிறகு உள்ளாடைகள் நிறைந்த மென்மையான பையை நடுவில் வைத்து, மேலே உள்ள ஆடையில் தொடங்கி ஒவ்வொன்றாக அதைச் சுற்றி மூடிக்கொண்டு வாருங்கள். துணி கூர்மையாக மடியாமல் பையைச் சுற்றி வளைந்து நிற்கும். கூர்மையான மடிப்பு இல்லாத இடத்தில் கோடு விழ வழியில்லை. அடுக்குகளுக்கு நடுவே மெல்லிய பிளாஸ்டிக் உறை ஒன்றை விரித்தால் துணிகள் உரசாமல் வழுக்கும். இந்த முறையில் ஒரு குறை உண்டு: நடுவிலிருந்து ஒன்றை மட்டும் உருவ முடியாது. ஒரே இடத்தில் தங்கும் பயணத்துக்கே இது ஏற்றது. தினம் ஓர் ஊர் என்றால் பேக்கிங் க்யூப், அதாவது துணிகளைப் பிரித்து அடுக்கும் சிறு பைகள், வாங்குங்கள். காற்றை வெளியேற்றி இறுக்கும் உறைகளை மட்டும் வாங்காதீர்கள். அவை இடத்தைத்தான் குறைக்கும், எடையைக் குறைக்காது, சுருக்கத்தையும் கூட்டும்.

கேள்வி: கெட்டிப் பெட்டியா, துணிப் பெட்டியா? கடைக்காரர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

பதில்: ஆடை கசங்கக் கூடாது என்பதே முதல் தேவை என்றால் கெட்டிப் பெட்டி, வெளிப்புறப் பைகளும் திணிக்கக் கொஞ்சம் இடமும் வேண்டும் என்றால் துணிப் பெட்டி. கெட்டிப் பெட்டியில் எல்லாம் ஒன்றல்ல. அவை மூன்று வகை பிளாஸ்டிக்கில் வரும். பாலிகார்பனேட் அடிபட்டால் உள்வாங்கி மீண்டும் பழைய வடிவத்துக்கு வரும். ஏபிஎஸ் விலை குறைவு, ஆனால் அடிபட்டால் விரிசல் விடும். பாலிபுரோப்பிலீன் எடை குறைந்தது. உள்ளே ஒட்டியிருக்கும் சீட்டில் பொருளின் பெயரைப் படியுங்கள். ஏபிஎஸ், பாலிகார்பனேட் இரண்டும் கலந்தது என்றால் அதைப் பாலிகார்பனேட் விலைக்கு வாங்க வேண்டாம்.

பெட்டி பெரும்பாலும் சக்கரம், ஜிப், இழுகைப்பிடி ஆகிய மூன்று இடங்களில்தான் பழுதாகும். கைப்பிடியை முழுதாக நீட்டிப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். தளர்வு அதிகம் தெரிந்தால் விட்டுவிடுங்கள். ஜிப்பை மூலைகளில் ஒரே கையால் இழுத்துப் பாருங்கள். சக்கரம் திருகாணியால் பொருத்தப்பட்டிருந்தால் பின்னாளில் மாற்றலாம். ஆணி அறைந்ததுபோல் ரிவெட் அடித்திருந்தால் மாற்றுவது பெரும்பாடு. நான்கு சக்கரப் பெட்டி வழவழப்பான தரையில் சுகமாக ஓடும், சரிவில் தானாக ஓடிவிடும். கரடுமுரடான தெருவுக்கு இரண்டு சக்கரமே மேல். எடையுள்ள பொருளை எப்போதும் சக்கரத்தின் பக்கம் வையுங்கள். பெட்டி நிமிர்ந்து நிற்கும்போது அது சரிந்து ஆடைகளை நசுக்காது.

கேள்வி: ‘கேபின் அளவு’ என்று எழுதியிருந்த பெட்டியை நம்பி வாங்கினேன். விமானத்தில் ஏறும் வாயிலில் தடுத்துக் கட்டணம் வாங்கிவிட்டார்கள்.

பதில்: வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் இதில் உங்கள் தவறு மிகக் குறைவு. விமானத்துக்குள் கையோடு கொண்டுபோகும் பெட்டிக்கு உலகம் முழுக்க ஒரே கேபின் அளவு என்று எதுவும் இல்லை. சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டா 2015இல் 55 × 35 × 20 செ.மீ. என்று ஒரு பொது அளவை முன்வைத்தது. எதிர்ப்பு வந்ததும் சில நாட்களில் நிறுத்திவைத்தது. ஆகவே சீட்டில் உள்ள சொல்லைவிட அளவு நாடாவை நம்புங்கள். சக்கரத்தையும் கைப்பிடியையும் சேர்த்து அளக்க வேண்டும்; பல விளம்பரங்களில் பெட்டியின் உடல் அளவு மட்டுமே தரப்படுகிறது. காலி எடையையும் பாருங்கள். ஏழு கிலோ வரம்பில் பெட்டியே மூன்றரை கிலோ என்றால் பாதி அதற்கே போய்விட்டது. சரக்கறைக்குப் போகும் பெட்டிக்குப் பல நிறுவனங்கள் வைத்திருக்கும் வரம்பு நீளம், அகலம், உயரம் மூன்றும் சேர்த்து 158 செ.மீ., எடை 23 கிலோ.

கேள்வி: சார்ஜர் வசதியுள்ள ‘ஸ்மார்ட்’ பெட்டி வாங்கலாமா?

பதில்: பேட்டரியைக் கழற்ற முடிந்தால் மட்டும். கழற்ற முடியாதது என்றால் வேண்டவே வேண்டாம். பல விமான நிறுவனங்கள் ஏற்காது. பவர் பேங்க்கைச் சரக்கறைப் பெட்டியில் வைக்கக் கூடாது, கையோடுதான் கொண்டுபோக வேண்டும். அதன் மின் கொள்ளளவுக்குப் பொதுவான வரம்பு 100 வாட் மணி. 20,000 எம்ஏஎச் என்பது 3.7 வோல்ட்டில் 74 வாட் மணிதான், கவலை இல்லை. ஆனால் சில நிறுவனங்களின் விதி இதைவிடக் கடுமையானது, டிக்கெட் எடுக்கும்போதே பார்த்துவிடுங்கள்.

கேள்வி: விமானத்திலிருந்து வந்த பெட்டியில் ஒரு சக்கரம் இல்லை. ஐந்து ஆண்டு வாரன்டி இருக்கிறதே என்று கடைக்குப் போனால் கைவிரிக்கிறார்கள்.

பதில்: வாரன்டி பெரும்பாலும் தயாரிப்புக் குறைக்கு மட்டும்தான், கையாளும்போது உடைந்ததற்கு அது பொருந்தாது. நீங்கள் கேட்க வேண்டியது விமான நிறுவனத்திடம். சர்வதேசப் பயணங்களுக்கான 1999ஆம் ஆண்டு மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி, சேதம் பற்றிய புகாரைப் பெட்டி கைக்கு வந்த 7 நாட்களுக்குள் எழுத்தில் தர வேண்டும். தாமதமாக வந்திருந்தால் 21 நாட்கள். பெட்டியின் சொந்தக் குறையால் உடைந்தது என்று சொல்லி அவர்கள் தட்டிக்கழிக்க முயலலாம். அதனால்தான் பெட்டியை ஒப்படைக்கும் முன் நான்கு புறமும் சக்கரம் தெரியும்படி போனில் படம் எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன். வாங்கிய ரசீதையும் பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டையும் தூக்கி எறியாதீர்கள். உடைப்பைக் கண்டால் நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே அங்குள்ள கவுன்டரில் புகார் கொடுத்து, அதன் எண்ணை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.