மாட்டுக்கு முன்னால் காடு

கேள்வி: தாராபுரம் பக்கம் எங்கள் ஊர். அப்பாரு (தாத்தா) காலத்திலிருந்து காங்கேயம் மாடுகள் வைத்திருக்கிறோம். இப்போது ஒன்பது உருப்படி, 11 ஏக்கர் கொறங்காடு, அதாவது வேலி கட்டிய மேய்ச்சல் காடு. அய்யனுக்கு (அப்பாவுக்கு) 70 வயது, முன்போல் முடியவில்லை. காட்டைப் பாகம் பிரித்து, மாடுகளை விற்று, நான்கு ஜெர்சி கலப்பு மாடு வாங்கலாம் என்கிறான் ஊரில் இருக்கும் என் தம்பி. அதிலிருந்து அய்யன் அவனிடம் பேசுவதில்லை. நான் கோவையில் வேலை பார்க்கிறேன். மாடுகளை வைத்துக்கொள்வதா, விட்டுவிடுவதா?

பதில்: நீங்கள் மாட்டைப் பற்றிக் கேட்கிறீர்கள். எனக்குக் காட்டைப் பற்றித்தான் கவலை. மாட்டை விற்றால்கூட நாளைக்குக் கண்ணபுரம் சந்தையில் நல்ல கிடாரியாகப் பார்த்து ஓட்டி வரலாம். கொறங்காட்டை அப்படி வாங்க முடியாது. கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுவே வெள்வேல மரங்கள் என்று அது உருவாக எத்தனை வருஷம் ஆகியிருக்கும்! மழை பெய்தால் புல் தானே தழைக்கிறது. கோடையில் வேலங்காய் உதிர்ந்து தீவனமாகிறது. படலைச் சாத்திவிட்டால் மேய்க்க ஆள்கூட வேண்டாம். பழையகோட்டைப் பட்டக்காரர்கள் என்ற நிலக்கிழார் குடும்பத்தார் தலைமுறைகளாகக் காங்கேயம் இனத்தைத் தேர்ந்து வளர்த்ததற்குப் பின்னாலும் இந்த மேய்ச்சல் காடுகள்தான் இருந்தன.

அதனால் வீடு, தோட்டம் எதை வேண்டுமானாலும் பிரித்துக்கொள்ளுங்கள். கொறங்காட்டுக்குக் குறுக்கே மட்டும் வேலி போடாதீர்கள். துண்டாகிவிட்டால் ஒரு பக்கத்தை மேயவிட்டு மறுபக்கத்தைத் தழையவிடுவது கஷ்டம். பொதுவாக வைத்து, எழுதியும் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தம்பியின் கணக்கைத் தவறு என்று சொல்லமாட்டேன். சாணி அள்ளுவது அவர். கோவையில் இருந்துகொண்டு பாரம்பரியம் பேசுவது சுலபம். காங்கேயம் பசு நாளுக்கு இரண்டு மூன்று லிட்டர் கறந்தால் அதிகம். கலப்பு மாடு அதைப்போல் சில மடங்கு கறக்கும், நிஜம்தான். ஆனால் அதற்குப் பசுந்தீவனம், அடர்தீவனம், நிழல், தண்ணீர் எல்லாம் வேண்டும். உங்கள் பக்கத்து மழைக்குப் பாதித் தீவனத்தை விலைக்கு வாங்க வேண்டிவரும். அதையும் சேர்த்து இருவரும் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். காங்கேயத்தில் வருமானம் பாலில் இல்லை. காளைக்கன்று, பழக்கிய எருதுச் சோடி, சினைமாடு, எரு, இவற்றில்தான். நாட்டுப் பால் என்று சொல்லி அதிக விலைக்கு விற்றுவிடலாம் என்ற பேச்சை நம்பி இறங்க வேண்டாம்.

சரி, ஒன்பதையும் வைத்துக்கொள்ள வேண்டுமா? தேவையில்லை. நல்ல பசுக்கள் நான்கு போதும். மீதியை வளர்ப்பவர்களுக்கே கொடுங்கள். காட்டில் இடம் இருந்தால் கொஞ்சம் மேச்சேரி ஆடு விடுங்கள், கைச்செலவுக்கு ஆகும். கலப்பு மாடு ஒன்றிரண்டு தம்பி வாங்கினாலும் குற்றமில்லை. அய்யனுக்கும் அது பொறுத்துக்கொள்ளக் கூடியதாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

அப்புறம், சின்ன மந்தையில் ஒரே காளையை விட்டுக்கொண்டே இருந்தால் அது தன் கன்றுகளோடே சேர்ந்துவிடும். வம்சம் நலிந்துபோகும். காளையை மாற்றுங்கள், அல்லது கால்நடை மருந்தகத்தில் காங்கேயம் இனத்துச் சினை ஊசி கிடைக்குமா என்று கேளுங்கள். எந்தப் பசு எதன் கன்று, எந்தக் காளைக்குப் பிறந்தது என்பது அய்யனுக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டு வாங்கிப் போங்கள். அவர் சொல்லச் சொல்லத் தம்பி எழுதட்டும்.