நாள் முழுக்க நடக்க எந்தச் செருப்பு?

தண்டையார்பேட்டையிலிருந்து பிள்ளைகளோடு குயின்ஸ்லேண்ட் தீம் பார்க் போகிறோம், ஹவாய் செருப்பு போதுமா என்று கேட்டிருந்தீர்கள் சகோதரி. வேண்டாங்க. பின்பட்டை இல்லாத செருப்பு கழன்றுவிடாமல் இருக்க ஒவ்வோர் அடியிலும் விரல்கள் அதை இறுக்கிப் பிடிக்கும். மதியத்துக்குள் பாதம் வலிக்க ஆரம்பித்துவிடும். குதிகாலில் பட்டை உள்ள சாண்டல் வாங்குங்கள், வெல்க்ரோ வைத்ததாக இருந்தால் இன்னும் நல்லது. கையில் எடுத்து வளைத்துப் பாருங்கள்: விரல் பக்கம் மடங்க வேண்டும், நடுவில் மடங்கினால் வாங்காதீர்கள். தோல் செருப்பு தண்ணீர் விளையாட்டில் ஊறிக் கடிக்கும். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு கடைகள் பக்கம் வாங்குவதானால் சாயங்காலமாகப் போங்கள். கால் சற்று வீங்கியிருக்கும் நேரம், அளவு சரியாகத் தெரியும். அப்புறம், புதுசை அன்றைக்கே போடாதீர்கள். ஒரு வாரமாவது மார்க்கெட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அதிலேயே நடந்து பழக்குங்கள்.