வங்கி ஏலத்தில் வீடு போய்விட்டதா? இன்னும் வழி இருக்கிறது

கேள்வி: கோவையில் வீட்டுக் கடன் வாங்கி வீடு கட்டினோம். கணவருக்கு வேலை போனதும் தவணை நின்றுவிட்டது. போன வாரம் ஒருவர் வந்து, “வங்கி ஏலத்தில் இந்த வீட்டை நான் எடுத்துவிட்டேன், காலி செய்யுங்கள்” என்கிறார். எங்களுக்கு ஒரு நோட்டீஸும் வரவில்லை. கடன் வாங்கும்போது குடியிருந்த வாடகை வீட்டு முகவரிக்கு அனுப்பியதாக வங்கியில் சொல்கிறார்கள். வீட்டை மீட்க முடியுமா?

பதில்: மீட்க வாய்ப்பு இருக்கிறது. ஆனால் இனி ஒவ்வொரு நாளும் கணக்கு. முதலில், வீட்டைக் காலி செய்யாதீர்கள். வந்தவர் நீட்டும் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். ஏலம் எடுத்தவர் தானாக வந்து உங்களைப் பலவந்தமாக வெளியேற்ற முடியாது. நீங்கள் மறுத்தால், வங்கிதான் சர்ஃபேசி சட்டத்தின் (கடன் நிலுவையானால் அடமானச் சொத்தை வங்கியே கைப்பற்றி விற்க வழிசெய்யும் சட்டம்) 14-ஆம் பிரிவின்படி மாவட்ட ஆட்சியரிடமோ தலைமைக் குற்றவியல் நடுவரிடமோ உத்தரவு வாங்கி வரவேண்டும்.

அடுத்து, எங்கே போவது? பலரும் முன்சீப் கோர்ட்டில் தடை கேட்டு மாதக்கணக்கில் காலத்தை இழக்கிறார்கள். இந்த விவகாரங்களைச் சிவில் நீதிமன்றம் விசாரிக்க அதே சட்டத்தின் 34-ஆம் பிரிவு தடை போடுகிறது. வங்கி செய்தது மோசடி என்றால் மட்டும் விதிவிலக்கு உண்டு என்று 2004-இல் மார்டியா கெமிக்கல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உயர் நீதிமன்றத்தில் ரிட் போட்டாலும் பெரும்பாலும் தீர்ப்பாயத்துக்கே திருப்பி அனுப்புவார்கள். ஆகவே நேராக கோவையிலேயே உள்ள கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்கு, அதாவது டிஆர்டிக்குப் போங்கள். 17-ஆம் பிரிவில் மனுப் போட 45 நாள்தான் அவகாசம். வங்கி எடுத்த நடவடிக்கையின் தேதியிலிருந்து அது ஓடுகிறது. தகவலே தெரியாததால் தாமதமாகிவிட்டது என்றால் அதற்கான மனுவையும் சேர்த்தே போடுங்கள், ஆனால் அதை நம்பிச் சும்மா இருக்க வேண்டாம். ஏலம் முடிந்த பிறகும் விற்பனையை ரத்து செய்து வீட்டைத் திருப்பித் தர டிஆர்டிக்கு அதிகாரம் உண்டு என்பதை 2009-இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி – அசோக் சா மில் வழக்கு உறுதி செய்தது.

உங்கள் வழக்கின் உயிர் நோட்டீஸில்தான் இருக்கிறது. கடனைக் கட்டச் சொல்லி 60 நாள் அவகாசத்துடன் 13(2) பிரிவு நோட்டீஸ் வந்திருக்க வேண்டும். நீங்கள் உண்மையில் குடியிருக்கும் இடத்தில் அதைச் சேர்ப்பிக்க வேண்டும் என்பது விதி. அடமானம் வைத்த வீட்டிலேயே நீங்கள் குடியிருக்கும்போது பழைய வாடகை வீட்டுக்கு அனுப்பியதை வங்கி எப்படி நியாயப்படுத்தும்? அதோடு முடியவில்லை. வங்கி வீட்டைத் தன் வசம் எடுத்ததாகச் சொல்லும் நோட்டீஸை வீட்டின் வெளிக்கதவிலோ கண்ணில் படும் இடத்திலோ ஒட்டி, 7 நாளுக்குள் இரண்டு நாளிதழ்களில் வெளியிட வேண்டும். அவற்றில் ஒன்று உள்ளூர் மொழியில் இருக்க வேண்டும். அப்புறம் விற்பனைக்கு முன் உங்களுக்கு 30 நாள் நோட்டீஸ். இந்த 30 நாள் கட்டாயம் என்று மாத்யூ வர்கீஸ் வழக்கில் 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தபால் ரசீது, ஒப்புகை அட்டை, ஒட்டியதற்கான புகைப்படம், நாளிதழ் நறுக்கு எல்லாவற்றையும் வங்கி காட்டட்டும் என்று மனுவிலேயே கேளுங்கள்.

ஏலம் எடுத்தவர் பணம் கட்டிய தேதிகளையும் பார்க்கச் சொல்லுங்கள். ஏலத் தொகையில் 25 சதவீதத்தை ஏலம் நடந்த அன்றோ அடுத்த வேலை நாளுக்குள்ளோ, மீதியை விற்பனை உறுதியான 15 நாளுக்குள்ளும் கட்டியிருக்க வேண்டும். எழுத்தில் ஒப்புக்கொண்டு நீட்டித்தாலும் 3 மாதத்தைத் தாண்டக் கூடாது. விலை குறைவாகப் போய்விட்டது என்ற வாதம் மட்டும் பெரிதாக நிற்காது.

“முழுக் கடனையும் இப்போது கட்டிவிடுகிறேன், வீட்டைக் கொடுங்கள்” என்று கேட்கலாமா? 2016 திருத்தத்துக்குப் பிறகு, ஏல அறிவிப்பு வெளியாகும் தேதி வரைதான் அந்த உரிமை. 2023-இல் பாஃப்னா மோட்டார்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கறாராகச் சொல்லிவிட்டது. அறிவிப்பே சட்டப்படி இல்லை என்று நிரூபித்தால்தான் அந்தக் கதவு மறுபடி திறக்கும். ஆனாலும் கையில் கொஞ்சம் பணம் திரட்டி வையுங்கள். இடைக்காலத் தடை கேட்டதும் “எவ்வளவு கட்டுகிறீர்கள்?” என்றுதான் பெரும்பாலும் தீர்ப்பாயம் கேட்கும். ஏலம் எடுத்தவரையும் எதிர்மனுதாரராகச் சேர்த்து, அவர் வேறு யாருக்கும் விற்கக் கூடாது என்றும் தடை கேளுங்கள். வில்லங்கச் சான்று எடுத்தால் விற்பனைச் சான்றிதழ் பதிவாகிவிட்டதா என்று தெரியும்.

டிஆர்டியில் தோற்றால் 30 நாளுக்குள் சென்னை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம். அங்கே பாக்கியில் பாதியை முன்கூட்டியே கட்ட வேண்டும். அவர்கள் மனம் வைத்தால் 25 சதவீதம் வரை குறைக்கலாம். அதனால் முதல் கட்டத்திலேயே முழு பலத்தோடு வாதாடுங்கள். வென்றால் வீட்டோடு 19-ஆம் பிரிவில் நஷ்டஈடும் செலவும் கேட்கலாம். ஏலம் செல்லும் என்றே முடிவானாலும், கடனும் செலவும் போக மிஞ்சும் தொகை உங்களுடையது. கணக்கை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வக்கீலுக்குப் பணமில்லை என்று தயங்க வேண்டாம். பெண் என்ற முறையில், வருமான வரம்பு இல்லாமலே உங்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. மனு உங்கள் பெயரில் இருக்கட்டும். கடன் ஒப்பந்தம், தவணை கட்டிய பாஸ்புக், இந்த வீட்டு முகவரியில் உள்ள ஆதார், மின் கட்டண ரசீது ஆகியவற்றோடு நாளைக்கே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100 என்ற எண்ணில் கூப்பிடுங்கள்.