மேரியை எலிசபெத் ஏன் கொன்றார்? கேள்வி பதில்

இங்கிலாந்து அரசி முதலாம் எலிசபெத்துக்கும் ஸ்காட்லாந்து அரசி மேரிக்கும் இருந்த பகை பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இவை.

மதுரை வாசகர்: இரண்டு பெண்களுக்குள் பொறாமை, அதுதானே காரணம்?

அதை நம்பாதீர்கள். இருவரும் ஒருமுறைகூட நேரில் பார்த்துக்கொண்டதில்லை. பிரச்சினை வாரிசுரிமை. எட்டாம் ஹென்றி முதல் மனைவி கேத்தரினைத் தள்ளிவைத்து ஆன் பொலினை மணந்ததைப் போப்பாண்டவர் ஏற்கவில்லை. ஆகவே ஆனின் மகள் எலிசபெத் முறையான வாரிசே அல்ல என்பது கத்தோலிக்கர் வாதம். அப்படிப் பார்த்தால் அரியணை யாருக்கு? ஹென்றியின் அக்கா மார்கரெட்டின் பேத்தி, கத்தோலிக்கரான மேரிக்கு! பிரான்சில் வாழ்ந்த காலத்திலேயே மேரி தன் சின்னத்தில் இங்கிலாந்தின் அரச சின்னத்தையும் சேர்த்துக்கொண்டார். எலிசபெத் எப்படி நிம்மதியாகத் தூங்குவார்?

கோவை வாசகர்: மேரி தன் நாட்டை இழந்தது மதத்தாலா?

பாதிதான். 1561-இல் அவர் ஊர் திரும்பியபோது ஸ்காட்லாந்து புராட்டஸ்டண்ட் நாடாகியிருந்தது. அவர் அதில் கைவைக்கவில்லை. தனக்கு மட்டும் அரண்மனைக்குள் திருப்பலி வைத்துக்கொண்டார். அதற்கே புராட்டஸ்டண்ட் போதகர் ஜான் நாக்ஸ் பிரசங்க மேடையில் பொரிந்து தள்ளினார். ஆனால் மேரியைக் கவிழ்த்தது 1567-இல் கணவர் டார்ன்லி கொல்லப்பட்டதும், மூன்றே மாதத்தில் கொலைப்பழி சுமந்த பாத்வெல் பிரபுவை அவர் மணந்ததும்தான். அரியணையை இழந்தவர் 1568-இல் இங்கிலாந்துக்குத் தப்பி வந்தார்; எலிசபெத் அவரைக் காவலில் வைத்தார்.

சேலம் வாசகர்: அடைக்கலம் தேடி வந்தவரைச் சிறைவைத்தது நியாயமா?

இல்லை. பதினெட்டரை ஆண்டுகள்! ஆனால் 1570-இல் போப்பாண்டவர் ஐந்தாம் பயஸ் எலிசபெத்தைச் சபைநீக்கம் செய்து, குடிமக்கள் அவருக்குக் கீழ்ப்படியக் கூடாது என்று அறிவித்தார். அப்புறம் மேரியை விடுவிக்க யாருக்குத் துணிச்சல் வரும்? இதில் நசுங்கியது சாதாரணக் கத்தோலிக்கர்கள். அரசின் புராட்டஸ்டண்ட் தேவாலயத்துக்குப் போகாவிட்டால் மாதம் 20 பவுண்டு அபராதம் என்று 1581-இல் சட்டமே வந்தது. அன்றைக்கு அது ஒரு குடும்பத்தை அழிக்கும் தொகை.

சென்னை வாசகர்: பீர் பீப்பாயில் கடிதம் போனது உண்மையா?

உண்மை. மேரி சிறைவைக்கப்பட்டிருந்த சார்ட்லி மாளிகைக்கு வந்த பீப்பாய்களில் அவருடைய ரகசியக் கடிதங்கள் போய்வந்தன. அந்த வழியைத் திறந்துவைத்ததே எலிசபெத்தின் அமைச்சர் வால்சிங்கம். ஒவ்வொரு கடிதத்தையும் அவருடைய ஆள் பிலிப்ஸ் வழியிலேயே படித்தார். எலிசபெத்தைக் கொல்லத் திட்டமிட்ட பாபிங்டனுக்கு 1586 ஜூலையில் மேரி எழுதிய பதில் கிடைத்ததும், பிலிப்ஸ் அதன் நகல்மேல் தூக்குமரப் படம் வரைந்து வால்சிங்கத்துக்கு அனுப்பினார். அதோடு விடவில்லை, பாபிங்டனுக்குப் போன கடிதத்தில், கொல்லப்போகும் ஆறு பேரின் பெயரைக் கேட்டு மேரி எழுதியதுபோல் ஒரு பின்குறிப்பும் சேர்த்தார். மேரி சதிக்கு உடன்பட்டார் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனாலும் இது வலைவிரித்துப் பிடித்த வழக்கு.

திருச்சி வாசகர்: எலிசபெத்துக்குத் தெரியாமலா தலை வெட்டப்பட்டது?

1587 பிப்ரவரி 1-இல் மரண தண்டனை ஆணையில் கையெழுத்திட்டவர் அவர்தான். 8-ஆம் தேதி ஃபாதரிங்கே கோட்டையில் மேரி கறுப்பு மேலாடையைக் களைந்தபோது, உள்ளே இருந்தது மறைசாட்சிகளின், அதாவது மதத்துக்காக உயிர்விட்டவர்களின், சிவப்பு. செய்தி வந்ததும் எலிசபெத் அழுது தீர்த்து, ஆணையை அனுப்பிய செயலர் டேவிசனைச் சிறையில் தள்ளினார். காரியம் முடிய வேண்டும், பழி வேறொருவருக்குப் போக வேண்டும் என்று நினைத்தார் என்பதே என் கணிப்பு.

நெல்லை வாசகர்: மேரியின் மகன் என்ன செய்தார்?

தூதர்களை அனுப்பிக் கெஞ்சினார், படை அனுப்பவில்லை. புராட்டஸ்டண்டாக வளர்ந்த ஜேம்ஸ், முந்தைய ஆண்டே எலிசபெத்துடன் ஒப்பந்தம் செய்து பணமும் பெற்று வந்தார். 1603-இல் இங்கிலாந்தின் அரியணை அவருக்கே வந்தது.