பரிசு வாங்கிய படத்தை மாட்டிவிட்டு மகளை வேறு பக்கம் அனுப்பாதீர்கள்

போன மாதம் ஒரு குடும்பம் மேற்படிப்பு பற்றி யோசனை கேட்டு என்னைப் பார்க்க வந்தது. அப்பா, அம்மா, மாமா, 17 வயது மகள். அவளுக்கு ரெட்டினிட்டிஸ் பிக்மென்டோசா, அதாவது விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகப் பழுதாகும் நோய். ஓரப்பார்வை சுருங்கிக்கொண்டே வருகிறது, இருட்டில் எதுவும் தெரியாது, நடுவில் ஒரு குழாய் வழியே பார்ப்பதுபோல் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கான ஓவியப் போட்டி ஒன்றில் முதல் பரிசு வாங்கியிருக்கிறாள். அப்பா செல்போனில் படத்தைக் காட்டினார், நான் சரியாகப் பார்ப்பதற்குள் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "அது இருக்கட்டும் மேடம். கம்ப்யூட்டர் சயின்ஸில் இடம் பேசியாச்சு, கடனுக்கும் சொல்லி வச்சாச்சு. இவளால சமாளிக்க முடியுமா, அதை மட்டும் சொல்லுங்க."

பயப்படாதீர்கள், பார்த்துக்கொள்ளலாம் என்று நானும் முதல் பத்து நிமிடம் ஆறுதல்தான் சொன்னேன். அப்புறம் நிறுத்திவிட்டேன். ஆறுதல் சொல்லிச் சொல்லியே அந்தக் கடனுக்கு நானும் கையெழுத்துப் போட்டதுபோல் ஆகிவிடும் என்று தோன்றியது. அன்று அவர்களிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன், இதே நிலைமையில் இருக்கும் எல்லாப் பெற்றோருக்கும்.

கண் தெரியாதவர்களும் கம்ப்யூட்டர் வேலை செய்யலாம் என்று மாமா சொன்ன வாதம் தப்பில்லை. திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் மென்பொருள் இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு நிரல் எழுதுகிற பார்வையற்றவர்கள் நன்றாகவே வேலை செய்கிறார்கள். உங்கள் பெண்ணுக்கு அந்த ஆசை இருந்திருந்தால் நானே போகச் சொல்லியிருப்பேன். அவளிடம் கேட்டேன். "மாமா சொல்றாங்க" என்றாள். பதில் அவ்வளவுதான். நான்கு வருடப் படிப்புக்கும் அதைவிட நீண்ட கடனுக்கும் இந்த இரண்டு வார்த்தை போதாது. அப்பாவிடம் நேராகவே சொன்னேன்: அவள் வாயால் கேட்காத படிப்புக்குக் கடன் வாங்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. பார்வை குறைந்துகொண்டே போகிற பிள்ளைக்கு வரப்போகிற வருடங்களில் கையில் பணம் வேண்டும், பிரெயில் கற்க, தடியோடு தனியாக நடக்கப் பழக, கருவிகள் வாங்க. அந்தப் பணத்தையெல்லாம் வட்டியாகக் கட்டிவிட்டு அப்போது என்ன செய்வீர்கள்?

வங்கித் தேர்வு, ஆசிரியர் பயிற்சி, அரசு வேலை பற்றி நான் பேசப் போவதில்லை. அதைச் சொல்ல ஊர்ப்பட்ட பேர் இருக்கிறார்கள். அந்தப் படத்தைப் பற்றிப் பேசுவோம்.

போனைத் திரும்ப வாங்கி, பெரிதாக்கிப் பார்த்தேன். இரவு நேரப் படிக்கட்டு. அவளிடம் கேட்டபோதுதான் அந்த ஒரு மணி நேரத்தில் முதல்முறையாக நீளமாகப் பேசினாள். இருட்டில் படி தெரியாது என்பதால் காலால் எண்ணித்தான் இறங்குவாளாம். படத்திலும் அப்படியே, ஒவ்வொரு படியின் விளிம்பிலும் வண்ணத்தில் மணல் கலந்து பூசியிருக்கிறாள், கீழே வர வர மணல் பருமனாகிறது. "நாளைக்குக் கண் இன்னும் குறைஞ்சாலும் என் படத்தை நான் தொட்டுப் பார்த்துக்கலாம் இல்லையா" என்றாள். அம்மா தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு வருத்தம் வரவில்லை, உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. கண்ணுக்கான ஒன்றை விரலுக்கு மாற்றுவது எப்படி என்று யாரும் சொல்லித்தராமல் அவளே கண்டுபிடித்திருக்கிறாள்.

இது அதிசயம் என்று நினைத்துக் கைதட்டிவிட்டுப் போய்விடாதீர்கள். இந்த வேலைக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. வங்காள ஓவியர் வினோத் பிகாரி முகர்ஜிக்குப் பிறவியிலேயே ஒரு கண் தெரியாது, மறு கண்ணும் மோசம். 1950களின் நடுவில் அறுவை சிகிச்சைக்குப் பிறகு இருந்த பார்வையும் போய்விட்டது. அதன்பிறகும் காகிதம் வெட்டி ஒட்டிப் படம் செய்தார், 1972-இல் சாந்திநிகேதன் கலாபவனத்தில் சுவர் நிறைய ஓடு பதித்த ஓவியம் செய்தார், 1974-இல் பத்மவிபூஷண் வாங்கினார். துருக்கியின் எஷ்ரெப் அர்மாகான் பிறந்ததிலிருந்தே பார்வை இல்லாதவர். கூர்முனைக் குச்சியால் தாளில் கோடு பதித்து, அதை விரலால் தடவிக்கொண்டே வண்ணம் பூசுகிறார், ஒரு வண்ணம் காய்ந்த பிறகே அடுத்தது. அமெரிக்காவின் ஜான் பிராம்ப்ளிட் 2001-இல் பார்வை இழந்த பிறகுதான் ஓவியம் தீட்டத் தொடங்கினார். வண்ணங்களைப் பிசுபிசுப்பை வைத்தே பிரித்தறிகிறார், வெள்ளை பற்பசைபோல் கெட்டி, கருப்பு எண்ணெய்போல் வழுக்கும். பிரிட்டனின் சார்ஜி மான் முழுப்பார்வையும் போன பிறகு, ஒட்டுக்களிம்பைச் சின்ன உருண்டைகளாகத் திரைச்சீலையில் ஒட்டி இடம் குறித்துக்கொண்டு வரைந்தார். கீத் சால்மன் சர்க்கரை நோயால் பார்வை இழந்தவர், 2009-இல் ஸ்காட்லாந்தின் ஜோலோமோ விருதை வென்றார். அது பார்வையற்றவர்களுக்கு என்று ஒதுக்கிய பரிசு கிடையாது, ஸ்காட்லாந்தில் நிலக்காட்சி வரைகிற யாரும் போட்டியிடக்கூடியதாக இருந்தது. இதை அந்த மாமா குறித்துக்கொள்ள வேண்டும் என்று நான் அழுத்தியே சொன்னேன்.

சரி, அப்படியானால் ஓவியராகவே ஆகட்டும் என்கிறேனா? வரையட்டும், ஒருநாளும் நிறுத்த வேண்டாம். ஆனால் படம் விற்று மட்டும் வாழ்வது நல்ல கண் உள்ளவர்களுக்கே கஷ்டம். ஒரு பரிசை நம்பிக் குடும்பம் நடத்தலாம் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். நான் சொல்வது பக்கத்திலேயே இருக்கிற இன்னொரு வேலை, யார் கண்ணிலும் படுவதில்லை: தொட்டறியும் படங்களை வடிவமைப்பது.

அமெரிக்காவின் லூயிவில் நகரில் 1858-இல் தொடங்கிய பார்வையற்றோருக்கான அச்சகம் ஒன்று இருக்கிறது. பார்வைக் குறைபாடு உள்ள கலைஞர்களுக்காக அந்த நிறுவனம் 1992-இலிருந்து ஓவியப் போட்டி நடத்துகிறது. பிரெயில் பாடநூல்களையும் விரலால் படிக்கும் வரைபடங்களையும் தயாரிப்பதும் அதே நிறுவனம்தான். இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருப்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

அந்த வேலை எப்படிப்பட்டது என்று கேளுங்கள். அறிவியல் பாடநூலில் ஓர் உயிரணுவின் (செல்) படம் இருக்கிறது, பதினைந்து பாகம், ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு, கோட்டின் முனையில் பெயர். அதை அப்படியே மேடாக்கினால் விரலுக்குக் குழப்பம்தான் மிஞ்சும். பெயரைக் காட்டும் கோடு எது, உறுப்பின் ஓரம் எது என்று பிரியாது. இரண்டு கோடு ஓரிரண்டு மில்லிமீட்டர் நெருக்கத்தில் ஓடினால் விரலுக்கு ஒன்றாகிவிடும். பிரெயில் எழுத்தை இடத்துக்குத் தக்கபடி சின்னதாக்கவும் முடியாது. ஆகவே வடிவமைப்பாளர் எதை விடுவது என்று முடிவெடுக்க வேண்டும். முதல் தாளில் மொத்த உருவம், அடுத்ததில் உள்ளே ஒரு பகுதி மட்டும், பெயருக்குப் பதில் ஓரிரு எழுத்துக் குறி, பக்கத்தில் விளக்கப் பட்டியல். ஓரத்துக்கு அழுத்தமான கோடு, குறி காட்டுவதற்கு மெல்லியது, ஒரு பரப்புக்குப் புள்ளி, இன்னொன்றுக்குச் சொரசொரப்பு. கண் ஒரே பார்வையில் முழுதையும் பிடித்துவிடும், கை ஒவ்வொரு இடமாகப் போய்த்தான் சேர்த்துக்கொள்ளும். அதனால் எங்கே தொடங்கி எப்படித் தடவிப் போக வேண்டும் என்று குறிப்பும் எழுத வேண்டும்.

தயாரிக்கும் முறைகளும் பலவகை. உப்பும் தாள் என்று ஒன்று உண்டு, அதில் கருப்பு மையால் வரைந்து சூடான இயந்திரத்துக்குள் விட்டால் கருப்பு பட்ட இடம் மட்டும் எழும்பி நிற்கும். நூல், மணல்தாள், அட்டை எல்லாம் ஒட்டி ஒரு மூலப்படம் செய்து, அதன்மேல் சூடாக்கிய பிளாஸ்டிக் தாளைப் போட்டுக் காற்றை உறிஞ்சி நகல் எடுப்பது இன்னொரு முறை. உங்கள் பெண் படியின் விளிம்பில் மணல் பூசியது வேறென்ன?

பாடநூல், தேர்வுத்தாள், வரைபடம் தவிர அருங்காட்சியகங்களும் இருக்கின்றன. மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகம் 2015-இல் தன் ஓவியங்கள் சிலவற்றைத் தொட்டுப் பார்க்கும் புடைப்புப் பிரதிகளாக்கிக் கண்காட்சி வைத்தது. இத்தாலியின் அங்கோனாவில் உள்ள ஒமேரோ அருங்காட்சியகத்தில் எல்லாவற்றையும் தொடலாம், அதற்கு வித்திட்டவர்கள் பார்வையற்ற ஒரு தம்பதி. இப்படிச் செய்கிற எதையும் விரலால் படிப்பவர் ஒருவர் சோதித்துப் பார்க்காமல் வெளியே விடக் கூடாது. கண்ணாலும் பார்த்து, விரலாலும் படித்து, வரையவும் தெரிந்தவர் எத்தனை பேர் கிடைப்பார்கள்? பார்வை முழுதும் போனாலும் அவளுக்குச் சோதிப்பவர், திருத்துபவர், கற்றுக்கொடுப்பவர் என்ற இடம் இருக்கும்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். இதற்கு வரிசையாக வேலை விளம்பரம் வராது. ஆரம்பத்தில் ஒப்பந்த வேலையாகத்தான் கிடைக்கும், வருமானம் மேலே கீழே போகும். வடிவமைப்பு அல்லது நுண்கலைப் பட்டம் படிக்கட்டும், புடைப்பு அச்சு சொல்லித்தரும் இடமாகப் பாருங்கள், கடன் இல்லாமல் முடிகிற கல்லூரியாகவும் பாருங்கள். கட்டணம் கட்டுவதற்கு முன் ஒருநாள் அவளை அந்த வகுப்பில் உட்கார வைத்துவிட்டு, மாலையில் அவள் முகத்தைப் பாருங்கள். பிரெயிலை மட்டும் தள்ளிப்போடாதீர்கள், கண் இருக்கும்போதே தொடங்க வேண்டும். "அதான் இன்னும் தெரியுதே" என்று அம்மா சொன்னபோது நான் கொஞ்சம் கடுமையாகவே பேசினேன், அதற்கு மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

மாமா கடைசியில், "கேட்கிறவங்ககிட்ட என்ன படிக்கிறான்னு சொல்றது?" என்றார். கேட்கிறவர்கள் தவணை கட்ட வரமாட்டார்கள் என்றேன்.

அடுத்த வாரம் மறுபடி வருகிறார்கள். அசல் படத்தையே எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன். தொட்டுப் பார்க்கலாமா என்று முன்கூட்டியே கேட்டேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "கீழ்ப் படியிலிருந்து ஆரம்பிங்க" என்றாள்.