‘லெட்’ என்றால் விடுவதா, தடுப்பதா?

கேள்வி: சார், நம் பாஸ்போர்ட்டில் குடியரசுத் தலைவர் பெயரால் ‘வித்தவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்’ என்று அச்சிட்டிருக்கிறது. லெட் என்றால் அனுமதிப்பதுதானே? பொருள் இடிக்கிறதே?

பதில்: அந்த லெட் வேறு. பழைய ஆங்கிலத்தில் இரண்டு வினைகள் இருந்தன. ‘லேட்டன்’ என்றால் விடு. ‘லெட்டன்’ என்றால் தடு. பிறகு வினைகளின் ஈறு உதிர்ந்தது, முதல் சொல்லின் நெடிலும் குறுகியது. இரண்டும் ‘லெட்’ ஆகிவிட்டன. பாஸ்போர்ட்டில் இருப்பது தடுக்கிற லெட். நான் மொழிபெயர்த்தால் ‘தங்குதடையின்றி’ என்றுதான் எழுதுவேன். அங்கேயும் இரண்டு சொல், இங்கேயும் இரண்டு சொல், அச்சாகப் பொருந்துகிறது.

கேள்வி: தடு என்ற பொருள் எப்படி வந்தது?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ‘லெட்’டுக்குப் பக்கத்து உறவு, ‘பஸ் லேட்’ என்கிறோமே, அந்த லேட். அதன் பழைய பொருள் மெதுவான என்பது. ஒருவரை மெதுவாக்குவது, அதாவது லேட்டாக்குவது, லெட்டன். அப்புறம் அதுவே தடுப்பது என்றாகியது. கடைசி என்று பொருள்படும் ‘லாஸ்ட்’டும் இந்தக் குடும்பம்தான், எல்லாரையும்விட மெதுவாக வருபவர்தானே கடைசி!

கேள்வி: டென்னிஸில் சர்வீஸ் பந்து நெட்டில் உரசி சரியான கட்டத்தில் விழுந்தால் ‘லெட்’ என்கிறார்கள். அது ‘நெட்’ திரிந்ததா, அண்ணா?

பதில்: பலரும் அப்படிச் சொல்கிறார்கள். ஆனால் ஸ்குவாஷில் நெட்டே கிடையாது. அங்கேயும் எதிராளி வழியில் நின்று இடைஞ்சலானால் லெட் கேட்கலாம், மறுபடி ஆடுவார்கள். தடங்கல்தான் பொருள்.

கேள்வி: வாசலில் தொங்கும் ‘டு லெட்’?

பதில்: அது விடுகிற லெட். நாமும் வீட்டை வாடகைக்கு ‘விடுகிறோம்’. சொற்களுக்குள் உறவில்லை, பொருள் மட்டும் ஒரே வழியில் போயிருக்கிறது.

கேள்வி: இலக்கியத்தில் தடுக்கிற லெட் வருமா?

பதில்: வரும். ஹாம்லெட் நாடகத்தில் ஆவி கூப்பிடுகிறது, தோழர்கள் ஹாம்லெட்டைப் பிடித்து இழுக்கிறார்கள். என்னை ‘லெட்’ செய்பவனை ஆவியாக்கிவிடுவேன் என்று சீறுகிறான். விடுபவனை ஏன் கொல்ல வேண்டும் என்று வகுப்பில் நானே குழம்பியிருக்கிறேன். 1611இல் வெளிவந்த ஆங்கில பைபிளில், 2 தெசலோனிக்கேயர் 2:7இல் ‘லெட்டெத்’ என்று இருக்கும். தமிழ் வேதாகமத்தைப் பக்கத்தில் விரித்துப் பாருங்கள்: ‘தடைசெய்கிறவன்’.